மழுங்கின சங்கிலி

சங்கரன்கோவில்
14.4.2025

திரு. கோமதிநாயகம் அவர்களுக்கு,

பிரேமலதா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். நலமாகத்தான் இருக்கிறேன்.

வருஷப் பிறப்பு என்று காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தீர்கள். எடுக்கவில்லை. பேசினால் நமக்குள் சண்டை வரும். எழுதினால் கை வலித்துச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். அதனால் எழுத்திலேயே வைத்துக்கொள்வோம்.

நீங்கள் விட்டுவிட்டுப் போன மரம் அறுக்கிற மெஷின் தறிக்கொட்டகை மூலையில் கிடக்கிறது. நீங்கள் பாதியில் நிறுத்திய வேப்பமரம் என் நெஞ்சு உயரத்துக்கு வாசலில் மொட்டையாக நிற்கிறது. காலையில் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் முழிக்கிறேன். அப்பா வைத்த மரத்தை என்னைக் கேட்காமல் அறுத்தீர்கள். "இது எங்க அப்பா வீடு, இங்கன கை வைக்க நீங்க யாரு?" என்று தெருவே கூடி நிற்க நானும் கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு செங்கோட்டைக்குப் போய்விட்டீர்கள். நடந்தது இவ்வளவுதான். மறுபடி இதைக் கிளறுவதற்காக எழுதவில்லை.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் இதே மாதிரி மெஷினால் மரத்தில் கரடி செதுக்குகிறார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கரடி வந்துவிடுகிறது. அந்த மொட்டை மரத்தில் நானும் ஏதாவது செதுக்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மெஷினை எப்படிக் கிளப்புவது என்று மட்டும் எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

பிரேமலதா


செங்கோட்டை
19.4.2025

பிரேமலதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அது விளையாட்டுச் சாமான் இல்லை. தொடாதே.

தொடாதே என்றால் நீ தொடுவாய் என்பது உன்னோடு குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியும். அதனால் முறையைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலை வெறுமனே ஊற்றாதே, டூ-டி ஆயில் கலந்து ஊற்று. சங்கிலிக்கு ஆயில் ஊற்றத் தனியாக ஒரு மூடி இருக்கும். மெஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியை ஷூக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழு. கையில் தூக்கிக்கொண்டு இழுக்காதே. சேலையோடு கிட்டவே போகாதே. கண்ணுக்குக் கண்ணாடி போடு.

நீ இடதுகைக்காரி. மெஷின் வலதுகைக்காரனுக்காகச் செய்தது. விசை வலது கையில்தான் இருக்க வேண்டும், மாற்றிப் பிடிக்காதே. முக்கியமானது இதுதான்: சங்கிலி ஓடுகிற பட்டையின் நுனி மரத்தில் படக்கூடாது. பட்டால் அப்படியே உன்மேல் எகிறும்.

சங்கிலி மழுங்கினால் கழற்றி இங்கே அனுப்பு. நான் ராவிக் கூராக்கி அனுப்புகிறேன். அரம் பிடிப்பது உனக்கு வராது.

எனக்கு இந்த மர மில்லில் வேலைக்குக் குறைவில்லை. சாப்பாடு மெஸ்ஸில். எல்லாக் குழம்பும் ஒரே குழம்பு.

கோமதிநாயகம்


சங்கரன்கோவில்
6.5.2025

கோமதிநாயகம் அவர்களுக்கு,

மெஷின் கிளம்பிவிட்டது. முதல் நாள் கயிற்றை இழுத்த இழுப்பில் என் தோள்பட்டைதான் கிளம்பியது. உங்களுடைய பழைய காக்கிப் பேன்டைப் போட்டுக்கொண்டேன். இடுப்புக்குக் கயிறு கட்டினால் நிற்கிறது. தெரு முழுக்கத் தறி ஓடுவதால் சத்தம் என்று யாரும் கேட்கவில்லை. கரண்ட் போனால்தான் வம்பு. தறியெல்லாம் நின்று என் மெஷின் மட்டும் தனியாகக் கத்தும். உடனே வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிடுகிறது.

பக்கத்து வீட்டு மகபூப் பீவி அக்கா வந்து, "ஏட்டி, அவரு மேல உள்ள கோவத்தையா மரத்துல காட்டுத?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நல்லாக் காட்டு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் கிடந்த கட்டைகளில் கரடி செதுக்கிப் பழகினேன். பன்றி வந்தது. அடுத்த கரடியும் பன்றியாகவே வந்தது. இரண்டையும் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். ஆந்தைதான் சுலபம் என்று யூடியூபில் சொன்னான். இரண்டு உருண்டைக் கண், மேலே இரண்டு கூர். வேம்பிலேயே செதுக்கினேன். உண்மையிலேயே ஆந்தை மாதிரி வந்துவிட்டது. எனக்கே கர்வமாக இருந்தது.

மறுநாள் சேலைக் கட்டு எடுக்க வந்த ஏஜென்ட் அண்ணாச்சி படி ஏற மாட்டேன் என்றுவிட்டார். "வாசல்ல போயி ஆந்தைய முழிக்க விட்டிருக்கியேம்மா. சரக்க ரோட்டுக்குக் கொண்டா" என்றார். நான் இதை யோசிக்கவே இல்லை. யூடியூப்காரனுக்கு ஆந்தை அழகு, நம் ஊரில் அது ஆகாது. பாம்பாக மாற்றிவிடலாம் என்று பார்த்தால் அது இன்னும் மோசம். கோமதியம்மன் ஊரில் வேம்பில் பாம்பு செதுக்கினால் விடிவதற்குள் மஞ்சள் பூசிப் பாலை ஊற்றிவிடுவார்கள். அப்புறம் அதன்மேல் நான் மெஷின் வைக்க முடியாது. இப்போதைக்கு ஆந்தைக்குச் சாக்கு போர்த்தி வைத்திருக்கிறேன்.

சங்கிலி மழுங்கிவிட்டது. பார்சலில் வருகிறது.

பிரேமலதா


செங்கோட்டை
12.5.2025

பிரேமலதாவுக்கு,

சங்கிலியை ராவி அனுப்பியிருக்கிறேன். பல்லெல்லாம் மண். அடிமரத்தில் வெட்டும்போது தரையில் உரசியிருக்கிறாய். கீழே பலகை போட்டுக்கொள்.

ஆந்தைக்கு ஒரு வழி இருக்கிறது. மேலே நிற்கும் இரண்டு கூர் முனையையும் சீவிவிடு. பக்கவாட்டில் காதைத் தொங்கவிட்டு, மூக்கைக் கொஞ்சம் நீட்டினால் ஆடு ஆகிவிடும். ஆட்டை யாரும் ஆகாது என்றும் சொல்ல மாட்டார்கள், கும்பிடவும் மாட்டார்கள். நம் வேம்பில் குழை தின்னத் தெரு ஆடெல்லாம் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதில் ஒன்று என்று வைத்துக்கொள். காது சன்னமாக இருந்தால் பிளந்துவிடும். நார் ஓடுகிற பக்கமாகவே வெட்டு.

நம் வேம்பு என்று எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாகத் தெரியும், இருக்கட்டும்.

கோமதிநாயகம்


சங்கரன்கோவில்
9.6.2025

கோமதிநாயகம் அவர்களுக்கு,

ஆடு ஆரம்பித்தாயிற்று. உடம்பு வந்துவிட்டது. முகம் இன்னும் ஆந்தைக்கும் ஆட்டுக்கும் நடுவில் நிற்கிறது.

நேற்று நுனி பட்டுவிட்டது. நீங்கள் எழுதியபடியே எகிறியது. பேன்ட் முழங்காலுக்கு மேலே கிழிந்தது, தோலில் படவில்லை. மகபூப் பீவி அக்கா போட்ட கூச்சலில் நாலு வீட்டுத் தறி நின்றுவிட்டது. நான் மெஷினை அணைத்துவிட்டு உள்ளே போய் டீ போட்டேன். பாதி சட்டையில் கொட்டியது. பேன்டைத் தைத்துவிட்டேன்.

இதை உங்களுக்கு எழுதாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் சங்கிலியைக் கழற்றும்போது பல்லில் காக்கி நூல் சிக்கியிருந்தது. எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் எழுதினேன்.

பிரேமலதா


செங்கோட்டை
13.6.2025

லதா,

நூலைப் பார்த்தேன். அன்றைக்கு மெஸ்ஸுக்குப் போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. சங்கிலியைத் திருப்பி அனுப்பாமல் நானே வைத்துக்கொள்ளலாமா என்று கூட யோசித்தேன். அப்படிச் செய்தால் உன் கடிதமும் நின்றுவிடும். ராவி அனுப்பியிருக்கிறேன்.

நான் வந்து அந்த மரத்தை அடியோடு எடுத்துவிடட்டுமா? ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன். உன் அப்பா வீடு, நீ சரி என்றால்தான் வருவேன்.

கோமதிநாயகம்


சங்கரன்கோவில்
8.7.2025

அத்தானுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. மரத்தை அறுக்க யாரும் வர வேண்டாம். ஆட்டுக்கு முகம் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். கொஞ்சம் கோபக்கார ஆடு. உங்களைத்தான் முறைக்கிறது என்று மகபூப் பீவி அக்கா சொல்கிறாள். ஏஜென்ட் அண்ணாச்சி இப்போது படி ஏறி உள்ளே வருகிறார்.

இடது காது நன்றாக விழுந்துவிட்டது. வலது காது வெட்டும்போது மெஷின் நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுக்கிறது, அதனால் நிறுத்திவிட்டேன். தறிச் சாமான் பட்டறை வைத்திருக்கும் இப்ராஹீம் வந்து பார்த்தார். "அக்கா, உருண்டை அரம் ஒண்ணு வாங்குனா இங்கனயே ராவிரலாமே. எதுக்குச் செங்கோட்டைக்கு அனுப்புதிய?" என்றார். எனக்கு வராதாம் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சங்கிலி மழுங்கிவிட்டது. வழக்கம்போல அனுப்பியிருக்கிறேன்.

பிரேமலதா


செங்கோட்டை
21.7.2025

லதா,

சங்கிலி வந்தது. இது மழுங்கின சங்கிலி இல்லை. யாரோ ராவியிருக்கிறார்கள். ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் குட்டை, மறுபக்கம் நெட்டை. அதனால்தான் நேராகப் போகாமல் இழுத்திருக்கிறது.

முதலில் இப்ராஹீம் என்று நினைத்தேன். அவர் வலதுகைக்காரர். புதிதாகப் பழகும் வலதுகைக்காரர் ராவினால் இதற்கு நேர்மாறாகத்தான் குட்டை விழும். இது இடது கையால் ராவினது. அந்த வீட்டில் இடது கைப் பழக்கம் ஒருத்திக்குத்தான்.

உனக்கு வராது என்று நான் எழுதினது சும்மா. யாருக்கும் வரும். சொல்லிக்கொடுத்துவிட்டால் இங்கே அனுப்ப மாட்டாயே என்றுதான் சொல்லிக்கொடுக்கவில்லை. நீயே ராவிவிட்டு ஏன் அனுப்பினாய் என்று நான் கேட்கப் போவதில்லை. இரண்டு நாளாக அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். சட்டை முழுக்க ஆயில்.

இரண்டு பக்கத்தையும் சமப்படுத்திவிட்டேன். பார்சலில் அனுப்பட்டுமா, நானே கொண்டுவரட்டுமா? வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன். உன்னைக் கேட்காமல் வர மாட்டேன்.

கோமதிநாயகம்


சங்கரன்கோவில்
29.7.2025

அத்தானுக்கு,

ஆடித்தபசுக் கொடி ஏறிவிட்டது. ஊரில் கால் வைக்க இடமில்லை. இந்தக் கூட்டத்தில் பார்சல் எப்போது வந்து சேருமோ, தெரியாது. அதனால் பார்சல் வேண்டாம்.

ஆடு ஒற்றைக் காதோடு நிற்கிறது. கோவிலுக்கு வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நேற்று ஒரு அம்மாள் மஞ்சளைக் கரைத்துக்கொண்டே வந்துவிட்டாள். "அது வெறும் ஆடு, தாயி" என்று மகபூப் பீவி அக்காதான் சொல்லி அனுப்பினாள்.

சங்கிலியை நீங்களே கொண்டு வாருங்கள். ஒரு அரமும் வாங்கி வாருங்கள், என்னுடையது தேய்ந்துவிட்டது. போன் அடித்தால் எடுக்கிறேன். சண்டை வராது என்று மட்டும் எழுதித் தர முடியாது.

வீட்டுக்குள் வருவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். நிற்கிற எதையும் அறுப்பதற்கு முன்னால் மட்டும் என்னைக் கேளுங்கள்.

லதா