தொண்ணூற்றிரண்டு சதவீதக் கிழங்கு

அன்பு மகள் அர்லீனுக்கு,

லாப்வாயிலிருந்து அப்பா. நீ அனுப்பிய படத்தைப் பார்க்கும் வரை இங்கே எல்லோரும் நலமாகத்தான் இருந்தோம். நீ நலம்தானே? போனில் நான் வாயைத் திறந்ததும் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் ஈரப் புல்வெளியில் நீயே தோண்டிய கமாஸ், நம் ஆட்கள் காலங்காலமாகச் சுட்டுத் தின்னும் கிழங்கு, என்று ஒரு பையைக் காட்டியிருக்கிறாய். புல் மாதிரி இலை, சின்ன வெங்காயம் மாதிரி கிழங்கு. விஷமான சாவுக் கமாஸுக்கும் அதே இலை, அதே கிழங்குதான் அம்மா! பூத்தால்தான் தெரியும், நீலம் என்றால் விருந்து, வெள்ளை என்றால் சவப்பெட்டி. நீ பூக்கும் முன்பே தோண்டிவிட்டு, போன் செயலி தொண்ணூற்றிரண்டு சதவீதம் கமாஸ் என்கிறது என்று எழுதுகிறாய். மீதி எட்டு சதவீதத்தை யார் தின்பது? நான் வேலை பார்க்கும் மீன் பண்ணையில் என் பம்ப் அவ்வளவு பிசகினால் மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். இரண்டு நாள் குழியில் போட்டுச் சுட்டாலும் அந்த விஷம் போகாது. வெல்மா அத்தையிடம் படத்தைக் காட்டினால், "பூ எங்கடா? தலையில்லாத ஆளக் காட்டி இது யாருன்னு கேக்குறியே" என்று என்னைத்தான் திட்டினாள்.

பெண் தோண்டும் முதல் கிழங்கை அவளே தின்னக்கூடாது, பெரியவர்களுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்ற நம் வழக்கத்தால் நீ பிழைத்தாய். ஆனால் நீ கொண்டுவருகிறாய் என்று அத்தை முன்பே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், வாங்கிக்கொள்ளப் போகிறவர் சைலஸ் தாத்தா. நேற்று அவரிடம் போய், அது என்ன கிழங்கென்று தெரியாது, வாங்காதீர்கள் என்றேன். கிழவர் பல்லில்லாமல் சிரிக்கிறார். "எண்பத்து நாலு வயசாச்சுடா. ஒரு பொண்ணு மொதமொதலா தோண்டினத வேணாம்னு சொல்லிட்டு எந்த மூஞ்சியோட சாவேன்? கொண்டுவரச் சொல்லு, வெண்ணெய் போட்டுத் தின்னுடறேன்" என்கிறார். விளையாட்டில்லை அர்லீன். நீ நீட்டினால் அவர் தின்பார். என் பயமே அதுதான்.

பையைக் குப்பையில் கொட்டு, நாய் கிளறாத குப்பையாகப் பார்த்து. இந்த வாரக் கடைசியிலேயே பஸ் ஏறு. வீப்பே புல்வெளி இப்போதுதான் பூக்கிறது, வெள்ளைகளையெல்லாம் பிடுங்கி எறிவோம், நீலம் காய்த்த பிறகு அதே இடத்தில் நீ தோண்டு. அதுவரை உன் முதல் கிழங்கு விருந்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன். அத்தை முனகினாள். தாத்தா மட்டும், "அதுவரைக்கும் நான் உசுரோட இருக்கணுமா? சரி, இருந்து தொலைக்கிறேன்" என்றார்.

நல்லா இரு மகளே, எனக்கு முப்பத்தெட்டுதான் ஆகிறது, இப்போதே நரைக்க வைக்காதே. பூட்ஸ் எடுத்து வா, என்னுடையதைத் தரமாட்டேன். மற்றபடி வெறுங்கையோடு வா.

உன் அப்பா,
டுவெய்ன்