இரண்டாம் குரலுக்கு விட்ட இடம்

பிப்ரவரி 3

ஏழாவது பாட்டும் முடிந்தது. எல்லாமே அண்ணன் வீட்டு மாடி அறையில், துணி காயும் கொடிக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதியவை.

என்னோடு பாடியவன், என்னோடு வாழ்ந்தவன், என்னை விட்டுப் போய் ஐந்து மாதம். ஒரு நாள் காலையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, "இனிமே என்னால முடியல" என்றான். ஏன்டா என்று கேட்டால், "உனக்கே தெரியாதா?" என்கிறான். தெரிந்தால் கேட்பேனா? ஏழு வருடம் ஒரே வீடு, ஒரே மேடை, மூன்று ஆல்பம். மூன்றிலும் இரண்டு பேர் பெயர். இது என் பெயர் மட்டும் போட்டு வரப்போகிற முதல் ஆல்பம். அவன் மூச்சுக்காற்றுகூட இதில் படக்கூடாது. சத்தியம்.

அண்ணி சாப்பாட்டுத் தட்டோடு வந்து கதவருகே நின்று பாட்டைக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பாட்டுலயாவது யாராவது சிரிக்கக் கூடாதா? கேக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?" சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11

ஸ்டுடியோவில் முதல் நாள். ஒலிப்பதிவுக்காரர் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். வழுக்கையை மறைக்க வருடம் முழுக்கத் தொப்பி; பெயரே தொப்பி ஆகிவிட்டது. ஏழு பாட்டையும் வெறும் கிதாரோடு பாடிக் காட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தொப்பிக்கு மேலேயே தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஒவ்வொரு வரிக்கு அப்புறமும் நாலு எண்ணிக்கை சும்மா விடுறீங்களே, அங்க என்ன வருது?"

"எங்க?"

போட்டுக் காட்டினார். நான் பாடுகிறேன். நிறுத்துகிறேன். காத்திருக்கிறேன். அப்புறம் அடுத்த வரி. ஏழு பாட்டும் அப்படித்தான்.

அவன் பதில் பாடுகிற இடம். எங்கள் பாட்டெல்லாம் அப்படி அமைந்தவை, நான் ஒரு வரி, அவன் அதற்குப் பதில். கை பழக்கத்தில் விட்டிருக்கிறது. அவனைத் திட்டி எழுதிய பாட்டில்கூட அவனுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேனே, என்னை மாதிரி மானங்கெட்டவள் எங்காவது இருப்பாளா?

பிப்ரவரி 12

எழுத ஒன்றுமில்லை. படுத்தே கிடந்தேன்.

பிப்ரவரி 15

ஓட்டையை அடைக்கிற வேலை. முதலில் கீபோர்ட் வைத்தோம். லிஃப்டில் போடுகிற இசை மாதிரி இருந்தது. வயலின் வைத்தோம், அழுமூஞ்சியாகிவிட்டது. (ஏற்கெனவே நான் ஒருத்தி அழுவது போதாதா?) கடைசியில் கோரஸ் பாடும் ஒருவரை வரவழைத்தார் தொப்பி. அருமையான குரல், சொன்னதைச் சொன்னபடி பாடினார். ஆனால் நான் வீட்டுக்குள் கேட்ட கேள்விக்கு அடுத்த வீட்டுக்காரர் பதில் சொல்வது போல் இருந்தது. நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம்.

பிப்ரவரி 19

இடத்தையே எடுத்துவிடலாம் என்று வரிகளை நெருக்கிப் பாடினேன். மூன்றாவது வரியில் மூச்சு முட்டியது. "யாரோ துரத்துற மாதிரி பாடுறீங்க" என்றார் தொப்பி. ஏழு வருடமாக அவன் பாடும்போதுதான் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஆல்பம் வெளியிடும் கம்பெனி அம்மா கூப்பிட்டார். மார்ச் முதல் வாரம் கையில் வேண்டுமாம். "தனியா முடியலன்னா இப்பவே சொல்லிடும்மா. பழைய பாட்டையே தொகுத்துப் போட்டுடலாம்."

தனியா முடியலன்னா. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கென்று ஒரு குரல் என்றைக்காவது இருந்ததா? முப்பத்தாறு வயதில் இதைப் போய் யாரிடம் கேட்பது? பாடவும் வராது என்றால் நான் எதற்கு இருக்கிறேன், எனக்கு வேறு என்ன தெரியும்... ஐயோ, முடியல. நிஜமாவே முடியல.

பிப்ரவரி 22

அவனுக்குப் போன் செய்தேன். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது.

"ஏழு பாட்டு இருக்கு. உன் இடம் காலியா இருக்கு. வந்து பாடிட்டுப் போறியா?"

"பாட்டுக்காக மட்டும்தானே கூப்பிடுற?"

"பின்ன வேற எதுக்கு?"

"சரி. புதன்கிழமை வர்றேன்."

அண்ணியிடம் சொன்னேன். "உனக்கு மண்டைக்குள்ள ஏதாச்சும் இருக்கா, இல்லையா?" என்றாள். இல்லை அண்ணி.

பிப்ரவரி 26

வந்தான். இளைத்திருக்கிறான். சட்டை தொளதொளவென்று இருந்தது. "நல்லா இருக்கியா?" என்றான். "தொண்டைதான் கொஞ்சம் கட்டியிருக்கு" என்று சொல்லி வரிகள் எழுதிய தாளைக் கொடுத்தேன். உள்ளே போனான். எப்போதும் போலக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாடினான்.

ஆறு பாட்டு மளமளவென்று முடிந்தது. ஏழாவதில் நான், "இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போ" என்று பாடுகிறேன். அவன் பதில், "நான் எங்கயும் போகலையே." முந்தாநாள் நான்தான் அந்த வரியை எழுதினேன். அவன் வாயால் கேட்கவேண்டும் என்ற நப்பாசைதான், வேறென்ன.

பதினோரு டேக். முதலில் அவன் பாடியதும் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. தொப்பி என் பக்கம் திரும்பாமலே டிஷ்யூ பெட்டியைத் தள்ளினார். இரண்டாவதிலும் அழுதேன். மூன்றாவதில் அவன் அரை எண்ணிக்கை பிந்தினான்; அத்தோடு என் அழுகை நின்று காது வேலையை எடுத்துக்கொண்டது. நான்காவதில் சுருதி இறங்கியது. ஐந்தில் அழுத்தம் ஜாஸ்தி. பதினொன்றில் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். "போதுமா?" என்றான். தண்ணீர் குடித்தான். போய்விட்டான். முகத்தில் ஒன்றுமே இல்லை. கல்நெஞ்சக்காரன்! பதினோரு தடவை 'போகலையே' என்று பாடிவிட்டு, ஆபீசில் கையெழுத்துப் போட்டவன் மாதிரி கிளம்பிப் போகிறான். ஏழு வருடமும் இப்படித்தான் பாடினானா? நான்தான் பைத்தியக்காரி மாதிரி அதையெல்லாம் நம்பினேனா?

மார்ச் 2

ஏழாவது பாட்டின் மிக்ஸிங். இசையையும் என் குரலையும் நிறுத்திவிட்டு, அவன் பாடிய டேக்குகளை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டார் தொப்பி.

நான்காவது. 'நான் எங்கயும்' என்கிற இடத்தில் குரல் உடைகிறது. அவன் அழுகிறான். பாடி முடித்துவிட்டு மைக்கிலிருந்து நகர்ந்து மூக்கை உறிஞ்சுகிறான். பிறகு என்னைக் கூப்பிடுகிறான், வீட்டில் கூப்பிடுகிற பெயரில், மெதுவாக. உடனே, கண்ணாடிக்கு வெளியிலிருந்து நான் மைக்கில் பேசியது, அவன் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து என் குரல், சின்னதாக, ஆனால் தெளிவாக: "சுதி போச்சு. இன்னொண்ணு போலாம்."

"ம்... சாரி" என்கிறான்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்றேன்.

"தெரியும் மேடம். உங்களுக்கும் கேட்டிருக்கும்னு நெனச்சேன்."

திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். தொப்பி வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"எந்த டேக்கை வைக்கட்டும்?" என்றார்.

நான்காவதில் சுருதி நிஜமாகவே இறங்கியிருந்தது. பதினொன்று என்றேன்.