டிரையர் மூக்கில் காபி டப்பா

டனிலோ,

எஞ்சினைச் சூடேத்தணும்னு காபி டப்பாவை வெட்டி என் ஹேர் டிரையர் மூக்குல மாட்டினதுக்கு நேத்து உன்னை வறுத்தெடுத்தேன். இரும்புக்கு என்ன குளிர்னு கேட்டேன்.

காலையில உன் ரிமோட் பந்தயக் காரோட குட்டி நைட்ரோ எஞ்சினை விரலால சுத்திப் பார்த்தேன். அசையவே இல்ல. கெடுத்துட்டேனோன்னு பயந்துபோய் அந்த டிரையரையே பத்து நிமிஷம் காட்டினேன். அவ்ளோ இறுகிக் கிடந்தது, சூடேறினதும் ஒத்தை விரலுக்கு வழுக்கிக்கிட்டுச் சுத்துது. வால்நட் அளவு எஞ்சினுக்குள்ள இப்படி ஒரு வித்தையா? வேலைக்கு நேரமானதுகூடத் தெரியாம சுத்திக்கிட்டே நின்னேன்.

பொலெண்டா சோளக்களி மிச்சம் இருக்கு, சுட வச்சுச் சாப்பிடு. வேன் சாவி ரேடியோ மேல.

ஓர்னெல்லா

பி.கு.: பந்தயத் திடல்ல உறைபனின்னு உன் தம்பி போன் பண்ணினான். டிரையரை உன் கருவிப் பெட்டியில வச்சுட்டேன். நான் ஈரத் தலைமேலயே தொப்பியை மாட்டிக்கிட்டுப் போறேன்.