புகை கடலைப் பார்த்துப் போன நாள்

மாமு,

மூணு நாளாகக் கடல் கொந்தளிப்பு. காசிமேட்டில் ஒரு படகும் இறங்கவில்லை. ராயபுரம் முழுக்கத் தேடினாலும் ஒரு நெத்திலி கிடைக்காது. இன்று மத்தியானம் என் வீட்டுக்குள் மீன் வாடை. ஸ்டூல் போட்டு ஏறி மெயின் போர்டைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அங்கே எதுவும் கருகவில்லை.

சுவிட்சுக் கட்டை உள்ளே கருகினால் மீன் மாதிரிதான் நாறும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருவொற்றியூர் தொழிற்சாலையில் நாம் இரண்டு பேரும் வயர்மேன்தானே.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அன்று, பெரிய மோட்டாருக்குப் போகும் லைனில் மெயின் பியூஸ் மூன்று தடவை போனது. மேஸ்திரி கத்தினார். நான் பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் லேசில் எரியாத தடிச் செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டேன். "மோட்டார் மேலயே சின்ன பிரேக்கர் கீதே, அது பாத்துக்கும்" என்றேன்.

"அது கூடுதல் காவல் மாமு. அதுக்கு அந்தாண்ட கீற மோட்டாரத்தான் பாத்துக்கும். போர்டுலேர்ந்து அது வரைக்கும் ஓடுற வயருக்கு யாரு காவலு? மூணு தபா பியூஸ் போச்சுன்னா அந்த வயர்ல இன்னாவோ கீது. கயட்டு அத்த" என்றாய் நீ.

சாப்பாட்டு மணி அடித்ததும் கழட்டுகிறேன் என்றேன். சும்மாதான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் நீ மூக்கைச் சுளித்தாய். "மீன் வாடை வருது."

"குப்பத்துக் கருவாடு. நீ வேலையப் பாரு."

நீ ஜன்னல் வழியே புகைபோக்கியைப் பார்த்தாய். புகை கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. "காத்து இங்கேர்ந்துதானே குப்பத்துப் பக்கம் போவுது" என்றாய். நீ கடைசியாகப் பேசியது அதுதான். வயர் ஓடும் இரும்புக் குழாயில் சூடு பார்க்கக் கையை வைத்தாய். குழாய் முழுக்கக் கரண்ட்.

சின்ன பிரேக்கர் விழவில்லை. கோளாறு அதற்கு முன்னாலேயே இருந்தது. மெயின் பியூஸ் எரிந்திருக்கணும். நான்தான் அதை எரியவிடவில்லை.

விசாரிக்க வந்தவர் கம்பியைத் தூக்கிக் காட்டி, யார் போட்டது என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. செத்தவன் போட்டது என்று எழுதிக்கொண்டு போனார். அவர் விட்டுப்போன கம்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏழு வருஷம் எந்தச் சட்டை போட்டாலும் அது பையிலேயே கிடந்தது.

இன்று சாயங்காலம் உன் சம்சாரத்தைப் பார்க்கப் போனேன்.

"வாண்ணா. இன்னா வாடைண்ணா இது? மூணு நாளா வூடெல்லாம் மீன் நாறுது. கடலுக்கு யாரும் போவல."

மாமு, உன் வீட்டில் இன்னும் சிம்னி விளக்குதான். கரண்டே கிடையாது.

கம்பியை அவள் கையில் கொடுத்தேன். "நான்தாம்மா போட்டேன். அவன் கயட்டச் சொன்னான்" என்றேன்.

அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவரு அப்டி செய்ய மாட்டாருன்னு எத்தினி பேராண்ட சொன்னேன் தெரியுமா" என்றாள். அப்புறம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "வாடை நின்னுடுச்சுண்ணா" என்றாள்.

திரும்பி வரும்போது தொழிற்சாலைப் புகையைப் பார்த்தேன், கடலைப் பார்த்துத்தான் போனது. சட்டைப் பை காலி. வாடை மட்டும் என் கூடவே வீடு வரைக்கும் வந்தது. வரட்டும் மாமு.