அயினிப் பலகையும் ஒரு ‘லே’யும்

1955 செப்டம்பர் 12

இன்று அநியாயம் நடந்தது. வேறு எதற்கும் முன்னால் அதை எழுதி வைக்கிறேன்.

பெரியவர்கள் தூக்க வேண்டிய கனமான அயினிமரப் பலகையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூக்க வைத்தார்கள். கைத்தொழில் வகுப்பாம். ஒரு முனையில் ராபின்சனும் எலியாவும். மறுமுனையில் என் மகள் சரோஜத்தின் மகள் நேசம். மேசை ஆடுகிறது என்று மோகனன் சார் கீழே குனிந்து முட்டுக்கட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். பையன்கள் இருவரும் பலகையை விட்டுவிட்டார்கள். நேசம் விடவில்லை. மேசை விளிம்புக்கும் பலகைக்கும் நடுவில் அவள் இடது கை சிக்கி இரண்டு விரல் நசுங்கிவிட்டது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, “பாட்டா, திருவனந்தபுரத்துல புலி பாக்க என்னைக் கூட்டிட்டுப் போவாங்கல்லா?” என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை மிருகக்காட்சித் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதாக இருக்கிறார்கள்.

செப்டம்பர் 13

விரல் இருக்கும், ஆனால் கொஞ்சம் வளைந்திருக்கும் என்கிறார் டாக்டர். சரோஜம் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 15

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் சுந்தரதாஸ் நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

“அண்ணாச்சி, மோகனன் சார் விடாதேன்னு சத்தம் போட்டிருக்காரு. பயலுவ வேணும்னே விட்டானுவ. ரெண்டு பேருக்கும் நல்லா குடுத்தாச்சு.”

பிரம்படி! பையன்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “சாருதான் விடச் சொன்னாருன்னு பொய் சொல்லுதானுவ. அதுக்கு வேற ரெண்டு குடுத்தேன்” என்றார்.

எனக்கு ராபின்சனைத் தெரியும். என் கடைக்குக் கயிறு வாங்க வருவான். வாயாடி. ஆனால் பொய்யன் இல்லை.

மோகனன் சார் கோட்டயம் பக்கத்து ஆள். வந்து மூன்று மாதம்தான். அவரைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்ப வேண்டும், அதுவரை கைத்தொழில் வகுப்பும் வேண்டாம், மிருகக்காட்சித் தோட்டத்துக்குப் போவதும் வேண்டாம் என்று சொன்னேன். ஒரு பலகையைப் பிடிக்க வைக்கத் தெரியாதவர் முப்பது பிள்ளைகளைக் குளமும் புலிக்கூடும் உள்ள இடத்துக்கு எப்படிக் கொண்டு போவார்?

சுந்தரதாஸ் பயந்துவிட்டார். வகுப்பையும் நிறுத்தினார், பயணத்தையும் நிறுத்தினார். மோகனன் சாரை மட்டும் அனுப்பவில்லை.

செப்டம்பர் 17

நேசம் என்னோடு பேசவில்லை. “உங்களாலதான் ஒருத்தரும் புலி பாக்கல்ல. பிள்ளைய எல்லாம் என்னைய ஏசுதாவ” என்றாள் அவள் அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி.

ஏசட்டும். கையோடு இருக்கிறார்கள் அல்லவா?

செப்டம்பர் 19

சத்தியராஜ் கடைக்கு வந்தார். நம் தாலுகா தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் கூட்டம் கூட்டுவது அவர்தான். நானும் கொடி பிடித்தவன். போன வருஷம் ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தும் வந்தவன்.

“மலையாளத்து வாத்தியார் தமிழ்ப் பிள்ளைக்க கைய ஒடிச்சான். இத நீரு மேடையில சொல்லணும் ஓய். பிள்ளையக் கூட்டிட்டு வாரும். கட்டோட நிக்கட்டு.”

வாறேன் என்றேன். பிள்ளையைக் கொண்டு வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கூட்டம்.

செப்டம்பர் 22

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

கயிற்றுச் சுருளை வண்டியிலிருந்து இறக்கினோம். சுமட்டுக்காரன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தரையில் பட்டதும், “விடுலே” என்றேன்.

கடைக்குள் இருந்த நேசம் தலை தூக்கினாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“சாரும் இப்பிடித்தான் சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“விடுலேன்னு.”

“பின்ன நீ ஏன் விடல்ல மக்கா?”

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “லேன்னா பயலுவளுக்கு ஆக்கும் பாட்டா. பொம்பளப் பிள்ளையள லேன்னு கூப்பிடுவாங்களா? எனக்கிட்ட சொல்லல்ல. அதான் நான் விடல்ல.”

ஆக, ராபின்சன் சொன்னது உண்மை! அந்த மனிதர் விடச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, விடாதே என்று சத்தம் போட்டதாகத் தலைமையாசிரியரிடம் பொய் சொல்லி, இரண்டு பையன்களுக்கு அடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாளை விடிந்ததும் போகிறேன். விடமாட்டேன்.

செப்டம்பர் 23

போனேன். மோகனன் சார் மரவேலை அறையில் தனியாக உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறை பூட்டியே கிடந்ததால் துரு ஏறியிருந்தது. இவ்வளவு சின்ன வயதுக்காரர் என்று நான் நினைக்கவில்லை.

“விடுலேன்னு நீரு சொன்னீரா, இல்லியா?”

“இல்ல. ஞான் பறஞ்ஞது ‘விடல்லே’ன்னு. விடல்லே! விடல்லே! ரெண்டு தடவ பறஞ்ஞு.”

கத்தியே காட்டினார். மேசைக்கடியில் குனிந்தபடி எப்படிச் சொன்னாரோ அப்படியே.

நான் நின்றுவிட்டேன்.

மலையாளம் எனக்குத் தெரியாத பாஷையா? சந்தையில் பாதிப் பேச்சு அதில்தான். விடல்லே என்றால் விட்டுவிடாதே. ஆனால் மேசைக்கு அடியிலிருந்து, முகம் தெரியாமல், அவசரத்தில் அது வந்தபோது என் காதிலேயே ‘விடுலே’ என்றுதான் விழுந்தது.

“பயலுவளுக்கு மலையாளம் தெரியுமே. எப்பிடித் தப்பாக் கேட்டானுவ?” என்று கேட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பையன்களோடு இணங்க வேண்டும் என்று அவர் தமிழ் படித்தாராம். படித்த முதல் சொல்லே ‘லே’யாம். வாலே, இரிலே, எடுலே. மூன்று மாதமாக வகுப்பில் அப்படித்தான் பேசியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அது பிடித்தும் போயிருக்கிறது. பயந்த நேரத்தில் மட்டும் வாயில் வந்தது அவர் அம்மா பேசிய பாஷை. பையன்களோ லேயைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள்.

“குட்டிக்கு கை எங்ஙனெ உண்டு?” என்று நேசத்தின் கையை விசாரித்தார். ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டு முடுக்குச் சந்து வரைக்கும் வந்து திரும்பிப் போவாராம். என்னைப் பார்க்கப் பயம்.

பயப்பட வேண்டியதுதான் என்றேன்.

செப்டம்பர் 24

யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பிள்ளையின் விரலை நசுக்கியது யார்?

அந்தக் கனப் பலகையைப் பிள்ளைகளிடம் கொடுத்தது தப்பு. அதை மன்னிக்கவில்லை. விசாரிக்காமல் பிரம்பெடுத்தது தப்பு. அதையும் மன்னிக்கவில்லை. ஆனால் இந்த ஆளை அனுப்பிவிட்டால்? அடுத்து வருகிறவருக்கு ‘லே’யும் தெரியாது, பிள்ளைகளையும் தெரியாது. தோட்டத்தில் குளத்தங்கரையில் நின்று ‘ஓடல்லே’ என்று கத்துவார். அது ‘ஓடுலே’ என்று காதில் விழுந்து என் பிள்ளைகள் ஓடுவார்கள்.

செப்டம்பர் 27

கூட்டம். நேசத்தைக் கொண்டு போகவில்லை. மேடையேறி நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாத்தியார் ஒடித்தார் என்று சொல்லவில்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இறங்கியதும் சத்தியராஜ் கையைப் பிடித்தார். “எல்லாத்தயும் கெடுத்துப் போட்டீரே ஓய்!” ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “இல்ல, இதுவும் நல்லதுதான். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வாத்தியார் வேணும்னுதான நாம கேக்குதோம்?” என்றார்.

“வேணும். அதுக்குச் சண்ட போடுவோம். நாளைக்கே வந்திருவாரா?”

“நாளைக்கு எப்பிடி வருவாரு?”

“பலக நாளைக்கே விழுமே” என்றேன்.

சத்தியராஜ் வெற்றிலை மடித்தார்.

அக்டோபர் 1

தலைமையாசிரியரிடம் போய், வகுப்பைத் திறக்க வேண்டும், புலி பார்க்கவும் போக வேண்டும் என்றேன். சுந்தரதாஸ் தலையில் கை வைத்தார். “நிறுத்தச் சொன்னதும் நீங்க, நடத்தச் சொல்லுததும் நீங்களா?”

ஆம். இரண்டும் நான்தான். பிள்ளைகளைப் பூட்டி வைத்துக் காப்பாற்றுவது எந்தச் சோம்பேறிக்கும் வரும். நான் கேட்டிருக்க வேண்டியது அதுவல்ல என்று இப்போது தெரிகிறது.

அக்டோபர் 4

ஆபத்து நேரத்தில் பிள்ளைகளிடம் எந்தச் சொல்லைக் கத்துவது என்று மோகனன் சாரும் நானும் மரவேலை அறையில் உட்கார்ந்து சண்டை போட்டோம். அவர் சொல்லும் சொல்லை நான் தள்ள, நான் சொல்லும் சொல்லை அவர் தள்ள. கடைசியில் அந்தப் பலகையை இருவரும் தூக்கிப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. விடாதே என்று எந்தப் பாஷையில் சொன்னாலும் ‘விடு’ அதற்குள் இருக்கிறது. ‘பிடி’ என்றால்? மலையாளத்திலும் பிடி. தமிழிலும் பிடி. ஓடாதே வேண்டாம், ‘நில்லு’. அங்கேயும் நில்லு, இங்கேயும் நில்லு.

செய்யக் கூடாததைக் கத்த வேண்டாம். செய்ய வேண்டியதைக் கத்தினால் போதும்.

பள்ளிக்கூடம் போகாமல் சபைப் பாட்டுப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். அவர் காலேஜ் பார்த்தவர். இருவருக்கும் இது இத்தனை நாள் தோன்றவில்லை.

அக்டோபர் 7

வகுப்பு திறந்தது. மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு, “நில்லு!” என்றார் மோகனன் சார். முப்பது பேரும் கல்லாக நின்றார்கள். ராபின்சன் மட்டும் ஒற்றைக்காலில் நின்று காட்டினான். நேசம் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான்.

அக்டோபர் 12

பத்திரிகை வந்தது. எல்லைக் கமிஷன் சொல்லிவிட்டது, தெற்கே உள்ள நாலு தாலுகா தமிழ்நாட்டோடு சேரலாமாம். நெய்யாற்றின்கரை இல்லை. நாம் இல்லை.

சத்தியராஜ் கடைக்கு வந்து பத்திரிகையை இரண்டு தடவை படித்தார். விடப்போவதில்லை, மனு எழுதுவோம், மறுபடியும் கூட்டம் போடுவோம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

ஆனால் ஒன்று. எந்தப் பக்கம் கோடு போட்டாலும் இந்தப் பிள்ளைகள் இரண்டு பாஷைக்கும் நடுவில்தான் ஓடி விளையாடுவார்கள்.

அக்டோபர் 18

கட்டு அவிழ்த்தார்கள். மோதிரவிரல் வளைந்திருக்கிறது. கயிற்றைப் பிடித்துக் காட்டு என்றேன். பிடித்தாள். நான் இழுத்தும் விடவில்லை.

அக்டோபர் 21

நாளை காலை பஸ். அமரவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம். அவரவர் செய்ய வேண்டியது:

சுந்தரதாஸ் — ராபின்சனும் எலியாவும் பொய் சொல்லவில்லை என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லி இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் பஸ் கிளம்பும். நான் பஸ்ஸின் முன்னால் நிற்பேன். திரும்பி வந்ததும், இனிமேல் கனமரம் தூக்கப் பெரிய ஆள் இரண்டு பேரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

மோகனன் சார் — குளத்தங்கரையில் தண்ணீர்ப் பக்கமாக நிற்க வேண்டும். முதுகு தண்ணீருக்கு, முகம் பிள்ளைகளுக்கு. நில்லு, பிடி, வா. வேறு சொல் வேண்டாம்.

சரோஜம் — கட்டுச்சோறு. ரோடு கடக்கும்போது கடைசிப் பிள்ளைக்குப் பின்னால்.

சத்தியராஜ் — கூட வருவதாக அவரே சொன்னார். புலிக்கூட்டுப் பக்கம் நிற்க வேண்டும். கம்பிக்குள் யாரும் கை நீட்டக் கூடாது. கொடி கொண்டு வரக் கூடாது.

ராபின்சனும் எலியாவும் — பிள்ளைகள் வரிசையாகப் பிடித்து நடக்கும் என் கடைக் கயிற்றின் பின்முனை.

நேசம் — முன்முனை. அவள் கேட்டு வாங்கியது. இடது கையால்தான் பிடிப்பாளாம்.

நான் — பஸ் ஏறியது முதல் கடைசிப் பிள்ளை வீடு சேரும் வரை, எவ்வளவு கோபம் வந்தாலும், ‘லே’ என்று ஒரு தடவைகூடச் சொல்லக் கூடாது.