ஸ்லைடு பெட்டியில் பெருமாள்

புரட்டாசி 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. திருப்பதியில் தம்பி குமரேசன் வீட்டில்தான் இன்னும். நகரிக்கு, என் வீட்டுக்கு, ஞாயிறு போகலாம்.

தம்பி தன் காலண்டர் டிசைன் ஸ்டூடியோவைச் சின்ன இடத்துக்கு மாற்றுகிறான். பழைய ஸ்லைடுகளுக்கு அங்கே இடமில்லையாம். சின்னச் சட்டத்தில் மாட்டிய பிலிம் படங்கள். மிஷினில் போட்டால் சுவரில் பெரிதாகத் தெரியுமாம். ஊர் ஊராகப் போய் எடுத்த பெருமாள், அம்மன், தேர். அத்தனையும் பழைய இரும்புக்காரனுக்கு என்றான்.

பெருமாளைத் தராசில் போடுவாயா என்று கேட்டேன்.

"சாமி எங்கக்கா கீது? வெறும் பிலிம்தான கீது."

சண்டை. கடைசியில் ஒரு வழி. சித்தூர் காலேஜில் டிராயிங் சொல்லித்தரும் லலிதா மேடம் சனிக்கிழமை பார்க்க வருகிறார். பிடித்தால் காலேஜுக்கு எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் ஞாயிறு இரும்புக்காரன்.

ஸ்லைடுகளைத் துடைக்கிற வேலை என்னுடையது என்றேன். பெருமாளை இரும்புக்காரனிடம் விடப்போவதில்லை.

வாங்க: கற்பூரம், துளசி, முழங்கால் தைலம்.

வெள்ளி

தம்பி ஆர்டர் விஷயமாகப் புத்தூர் போய்விட்டான். நான் மட்டும். வட்டத் தட்டில் ஸ்லைடுகளை வரிசையாகச் சொருகி வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பெருமாள் தலைகீழாக. அடுத்தது அம்மன், அதுவும். எல்லாமே. எந்தப் பாவி செய்தானோ. சாமி இப்படி நின்றால் ஸ்டூடியோ எப்படி விளங்கும்?

ஒவ்வொன்றாகத் துடைத்து நேராக நிற்கவைத்தேன். சாயங்காலமாகிவிட்டது. மதியம் சாப்பிட மறந்தேன். மனசு நிறைவு. பால் திரிந்துவிட்டது.

சனி

ஒருபொழுது விரதம். மேடம் வந்தார், நல்ல மாதிரி, தெலுங்கில்தான் பேச்சு. விளக்கை அணைத்து மிஷினைப் போட்டான் தம்பி. சுவரில் பெருமாள், பாதம் மேலே, கிரீடம் கீழே. அடுத்தது தேர், சக்கரம் வானத்தில். வேலைக்கார பசங்க சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள்.

"யக்கா, இன்னா செஞ்சி வச்சிகினு கீற?"

அப்புறம்தான் சொன்னான். மிஷின் படத்தைக் கவிழ்த்துக் காட்டுமாம். தட்டில் தலைகீழாக வைத்தால்தான் சுவரில் நேராம். இதை வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்கால பஸ்ஸாம். பக்கத்துக் கோயிலுக்குப் போய் தரிசனம் பண்ணிவிட்டு வாங்கம்மா, அதற்குள் சரிசெய்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். தம்பி நம்பவில்லை.

முதல் ஸ்லைடு கையில். பெருமாளை என் கையாலேயே எப்படிக் கவிழ்ப்பது? கை வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"தப்பா நெனக்காத நைனா. இரும்புக்காரன் தராசுக்கு இது மேல்."

கவிழ்த்தேன். அப்புறம் கை தானாக ஓடியது. கோவிந்தா சொல்லிக்கொண்டே எல்லாத் தட்டும்.

மேடம் வந்தார். விளக்கை அணைத்தார்கள். பெருமாள் நேராக, சுவர் முழுக்க. எழுந்து நின்று கும்பிட்டேன். மேடம் எல்லாத் தட்டையும் பார்த்து முடித்தார். "அன்னீ காவாலம்மா" என்றார். எல்லாமே வேண்டுமாம்.

அதற்கப்புறம்தான் பழம் தின்றேன்.

ஞாயிறு

வெயில். சித்தூர் வேன் காலையிலேயே வந்தது. தட்டுகளை நானே துணி சுற்றிப் பெட்டியில் வைத்தேன். டிரைவர் பையன் ஒரு ஸ்லைடை உருவிப் பார்த்தான்.

"யம்மா, சாமியெல்லாம் தலகீழா கீது. திருப்பி வச்சிடட்டா?"

"கைய எட்றா" என்றேன்.