ஒரே பெட்டி, இரண்டு வீடு

2006 ஆகஸ்ட் 7, திங்கள்

ஆபீசிலிருந்து நனைந்துகொண்டே வந்தேன். கரமனையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது குடைக் கம்பி ஒடிந்துவிட்டது. தெருவுக்குள் நுழைந்தால் அடுத்த வீட்டு ஓட்டின் மேல் புதிதாக ஒரு டிஷ் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த வீடு என்று எழுத இன்னும் கை கூசுகிறது. அது கல்யாணராமன் அண்ணாவின் பாதி, இது என் பாதி. அம்மா போன பிறகு பாகம் பிரித்து, கூடத்துக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்பினோம். அன்றிலிருந்து அண்ணாவும் லலிதா மன்னியும் என்னோடு பேசுவதில்லை. நானும்தான். கல்யாணம் ஆகாதவள் பாகம் கேட்பாள் என்று அவர்கள் நினைக்கவில்லை. கேட்டேன். கேட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் அந்தச் சுவரில்தான்.

ஆகஸ்ட் 9

இன்று யாரோடும் பேசவில்லை. கண்டக்டரிடம் "கரமனை" என்று சொன்னதைப் பேச்சில் சேர்க்கலாமா?

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அம்மா அறையிலிருந்த பழைய டிவியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று துடைத்தேன். கேபிளை நிறுத்தி எத்தனையோ நாளாயிற்று. ஓடுகிறதா பார்ப்போம் என்று சும்மா போட்டால் — படம் வருகிறது! யாரோ ஒருவர் மலையாளத்தில் வாழைக்குலை விலையைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாவின் குரல்: "இது வேண்டாம், லலிதா. மாத்து."

என் டிவியில் வாழைக்குலை மறைந்து கச்சேரி வந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் பயம்தான். பிறகு, ஏனோ சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 14

பஸ் ஸ்டாப்பில் லிங்கத்தைப் பிடித்தேன். வள்ளியூர்க்காரன். நம் தெருவுக்குக் கேபிள் இழுத்தவன், இப்போது டிஷ்ஷும் மாட்டுகிறான். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"தப்பு எம்மேலதான்க்கா. சாருக்க டிவி கூடத்துல இருக்கு. டிஷ் வயரு முன்னறை வரைக்கும்தான் எட்டிச்சு. டிஷ் பொட்டிய அங்கனயே வச்சு, சொவரு எழுப்புமுன்ன மச்சுல இழுத்த பழைய கேபிள் வயர்ல சொருகிட்டேன். அது ஒங்க பக்கமும் போவும்னு நெனப்பே இல்ல. இன்னைக்கே கழட்டிருதேன்."

"வேண்டாம்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. "அவாகிட்டே சொல்லவும் வேண்டாம்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நமக்கென்னக்கா" என்று பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

திருட்டு என்று ஒரு மனசு சொல்கிறது. சொல்லட்டும்.

ஆகஸ்ட் 21

பெட்டி ஒன்று, அது அவர்களிடம். அங்கே எது ஓடுகிறதோ அதுதான் இங்கேயும். சானல் மாற்ற வேண்டுமென்றால் ஒருத்தர் எழுந்து முன்னறைக்குப் போக வேண்டும். இன்னொருத்தர் கூடத்திலிருந்து கத்த வேண்டும். மன்னிதான் பாவம், நடக்கிறாள். அண்ணா ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு கத்துகிறான்.

நான் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவேன். படம் என் டிவியில், குரல் சுவர் வழியாக. இரண்டும் சேர்ந்தால் முழு டிவி.

செய்தி வரும்போது அவர்கள் தட்டு போடும் சத்தம் கேட்கிறது. நானும் அப்போதே தட்டு போட்டுக்கொள்கிறேன். இத்தனை நாள் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 29

மன்னிக்கு அந்த அழுமூஞ்சித் தொடர் பிடிக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. எனக்கும் பிடித்துத் தொலைக்கிறது.

செப்டம்பர் 5, திருவோணம்

மாட்டிக்கொண்டேன்.

ஓணத்துக்காக ஒரு தமாஷ் நிகழ்ச்சி. மாவேலி மகாராஜா வேஷம் கட்டியவர் ஆட்டோவில் ஏறி, மீட்டர் போடச் சொல்லி டிரைவரோடு சண்டை பிடிக்கிறார். குடவயிறு கம்பியில் சிக்கிக்கொண்டுவிட்டது. அண்ணா ஹோவென்று சிரித்தான். அதே நொடியில் நானும் — புடவைத் தலைப்பை வாயில் வைப்பதற்குள் — கெக்கெக்கே என்று சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாயசம் வைத்திருந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 6

தெரிந்திருக்கும். தெரியாமல் எப்படி இருக்கும்? என் சிரிப்பு பக்கத்துத் தெருவுக்கே கேட்கும் என்று அம்மா திட்டுவாள்.

இன்றைக்குக் கழட்டிவிடுவார்கள். போகட்டுமே. அது அவர்களுடைய டிஷ். முன்பும் டிவி இல்லாமல்தானே இருந்தேன்? இருந்தேன்தான். ஆனால் அப்படித் திரும்ப இருக்க என்னால் முடியாது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

செப்டம்பர் 7

படம் வருகிறது.

செப்டம்பர் 15

இன்னும் வருகிறது. அண்ணாவுக்கு இடது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பக்கத்தில் இருந்துகொண்டு, பால்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். போய்ப் பார்க்கலாமா? வாசல் வரை போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்ட எனக்குக் கை வரவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

காலையில் ஓட்டின் மேல் லிங்கம். இறங்கியதும் கொல்லைப் பக்கமாகக் கூப்பிட்டேன்.

"கழட்டிட்டியா?"

"இல்லக்கா. படம் பொரிப்பொரியா வருதுன்னு சார் கூப்பிட்டாவ. ஒங்க பக்கமும் வயரு போறது அவியளுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. ரெண்டு வீட்டுக்குப் பிரியுதுல்லா, அதான் சிக்னலு இழுவ பத்தல. கண்ணு ஆபரேசன் ஆனவங்களுக்கு அது கஷ்டம்லா? அக்கா பக்கத்தக் கழட்டுனா பளிச்சுனு ஆயிரும்னேன்."

"அதுக்கு?"

"அம்மா வேண்டாம்னுட்டாவ. 'பொரியோட இருக்கட்டும் லிங்கம், சாரமில்லை, பரவால்லை'ன்னாவ."

"யாரு? மன்னியா?"

"ஆமாக்கா. சாரு கண்ணத் தொடச்சிக்கிட்டாவ."

மன்னி! பாகம் பிரித்த அன்று என் முகத்தைக்கூடப் பார்க்காத மன்னி. எனக்கு அழுகை வந்துவிட்டது. லிங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் ஏணியை மடக்கிக்கொண்டே நின்றான்.

அக்டோபர் 9

லிங்கத்துக்கு போன் செய்து என் பக்கத்து வயரைக் கழட்டச் சொல்லிவிட்டேன். அண்ணாவின் கண் பெரிதா, என் பொழுது பெரிதா?

அக்டோபர் 10

மத்தியானம் கழட்டியிருக்கிறான். சாயங்காலம் வந்து டிவியைப் போட்டேன். புள்ளி புள்ளியாக இரைச்சல் மட்டும்.

அண்ணா அந்தப் பக்கம், "ஆஹா, இப்போ எல்லாம் நன்னாத் தெரியறதே!" என்றான். சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

மன்னியின் குரல்: "அவளே கழட்டச் சொன்னாளாம், கேட்டேளா? இந்தாத்துலேர்ந்து ஒரு வயர்கூட வேண்டாமாம் அவளுக்கு. அவ்வளவு வெறுப்பு."

டிவியை அணைத்துவிட்டார்கள்.

ஐயோ மன்னி, அப்படி இல்லையே. நான் எதுக்குச் சொன்னேன், நீ எதை நினைச்சுண்டே? அந்த லிங்கம் வாயைத் திறந்து காரணத்தையும் சொல்லியிருக்கப்படாதா? சுவரிடம் சொன்னேன். மெதுவாகத்தான் வந்தது. சிரிக்கும்போது மட்டும் ஊருக்கே கேட்கிறது இந்தப் பாழாய்ப்போன தொண்டை.

அக்டோபர் 11

அந்தப் பக்கம் இன்றும் டிவி போடவில்லை. ஆபீசில் மூன்று தாளைத் தப்பாக டைப் அடித்தேன். நாளைக்குப் போகிறேன். துரத்தினால் துரத்தட்டும்.

அக்டோபர் 12, வியாழன்

போனேன். அண்ணாதான் கதவைத் திறந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். இளைத்துவிட்டான். ஆபீசிலிருந்து வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவில் இல்லை.

"உன் கண்ணுக்காகத்தான் கழட்டச் சொன்னேன், அண்ணா. வேண்டாம்னு இல்லை. எனக்கு அது — அது ரொம்ப வேணும்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். பிறகு துடைத்துக்கொண்டே இருந்தான்.

உள்ளேயிருந்து மன்னி: "வாசல்லே நின்னுண்டு என்ன பேச்சு? வரச் சொல்லுங்கோ. எரிசேரி ஆறிப்போறது."

கூடத்தில் மூன்று பேரும் டிவிக்கு முன்னால் சாப்பிட்டோம். சுவரின் அவர்கள் பக்கத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். யாரும் பழையதைப் பேசவில்லை. மன்னி கேட்காமலேயே இரண்டாம் தடவையும் எரிசேரி போட்டாள். அந்த அழுமூஞ்சித் தொடரில் மாமியார் செய்வது சரியா தப்பா என்று எனக்கும் அவளுக்கும் பெரிய வாக்குவாதம். அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டான்.

திரும்பி வந்து விளக்கைப் போட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மன்னி கேட்டாள்:

"சூடாமணி, வாசக்கதவு தாழ்ப்பாள் போட்டியோ?"

போடவில்லை. எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்து, அந்தப் பக்கம் கேட்கும்படி உரக்கவே சொன்னேன்: "போட்டேன், மன்னி."